கலிவரை எழுதிய டீன்: ஜொனாதன் ஸ்விஃப்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குள்ள மனிதர்கள் கயிற்றால் கட்டிப்போட்ட கலிவரின் படத்தைச் சின்ன வயதில் பார்க்காதவர்கள் குறைவு. அந்தக் கதையை எழுதியவர் ஒரு பாதிரியார் என்றால் பாதிப் பேர் ஆச்சரியப்படுவார்கள். டப்ளினில் ஒரு பெரிய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி) பேராலயத்தை 32 ஆண்டுகள் நிர்வகித்தவர் என்றால் மீதிப் பேரும் சேர்ந்துகொள்வார்கள். இலக்கியம் படித்தவர்கள்கூட டீன் என்பதை அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட பட்டம் போலத்தான் பார்க்கிறார்கள். ஆனால் காலையில் எழுந்து அவர் பார்த்த வேலை அதுதான். இந்தக் கேள்விகளும் பெரும்பாலும் அந்த வேலையைச் சுற்றியே வருகின்றன.

டீன் என்பவர் யார்? பிஷப்பும் அவரும் ஒன்றா?

இல்லை. நம் ஊரில் டீன் என்றால் மருத்துவக் கல்லூரிதான் நினைவுக்கு வரும். ஆங்கிலிக்கன் திருச்சபையில் டீன் என்பவர் ஒரு பேராலயத்தின் தலைமைக் குரு. பிஷப்புக்கு ஒரு மாவட்டம் போலப் பெரிய பரப்பு இருக்கும். அதில் உள்ள எல்லாச் சபைகளும் அவர் பொறுப்பு. பேராலயத்தில் அவருக்கு ஆசனமும் உண்டு. ஆனால் அந்தக் கட்டடம், அதன் ஆராதனை, பாடகர் குழு, நிலம், வருமானம், வேலையாட்கள் எல்லாம் டீன் கையில். அவரோடு கேனன்கள் என்ற பேராலயக் குருமார் அடங்கிய ஒரு குழு இருக்கும். முக்கியமான முடிவுகளை அந்தக் குழு கூடித்தான் எடுக்க வேண்டும்.

சி.எஸ்.ஐ. பேராலயங்களுக்குப் போகிறவர்கள் பிரஸ்பிட்டர் இன் சார்ஜ் பார்க்கும் வேலையை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் 18ஆம் நூற்றாண்டு டீனின் அதிகாரம் அதைவிடப் பல மடங்கு. ஸ்விஃப்ட் இருந்த புனித பேட்ரிக் பேராலயத்தைச் சுற்றியிருந்த தெருக்கள் டப்ளின் மாநகராட்சிக்குக் கட்டுப்படாத தனி எல்லை. அங்கே சில வழக்குகளைக்கூட டீன்தான் விசாரிப்பார். நூற்றுச் சொச்சம் வீடுகளுக்கு நான்தான் மேயர் என்று ஸ்விஃப்ட் தன் நண்பரான கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்குக் கேலியாக எழுதியிருக்கிறார்.

ஒரே ஊரில் இரண்டு பேராலயங்கள் இருந்தனவாமே?

ஆமாம், இன்றும் இருக்கின்றன. கிறைஸ்ட் சர்ச் ஒன்று, புனித பேட்ரிக் ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். பேட்ரிக் ஆலயம் 1191இல் தொடங்கியது, அயர்லாந்திலேயே நீளமான தேவாலயம்.

ஸ்விஃப்ட் அயர்லாந்துக்காரரா, ஆங்கிலேயரா?

பிறந்தது டப்ளினில், 1667 நவம்பர் 30. பெற்றோர் இருவரும் ஆங்கிலேய வழி. அப்பா அவர் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டார். சித்தப்பா, பெரியப்பா வகையில் கிடைத்த பணத்தில் கில்கென்னி பள்ளி, பிறகு டப்ளின் டிரினிட்டி கல்லூரி. 1686இல் பி.ஏ. பட்டம் 'விசேஷ தயவின் பேரில்' கொடுக்கப்பட்டது. தட்டுத்தடுமாறித் தேறினார் என்று அதற்கு அர்த்தம்.

வாழ்நாள் முழுக்கத் தன்னை இங்கிலாந்தில் இருக்க வேண்டியவராகவே நினைத்துக்கொண்டார். அயர்லாந்தில் பிறந்தது தற்செயல் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதரைத்தான் அயர்லாந்து மக்கள் தேசபக்தர் என்று தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

குருவானது எப்படி? தேவ அழைப்பா, பிழைப்பா?

இரண்டும் கலந்தது என்று சொல்வதுதான் நேர்மை. 1689இல் அயர்லாந்தில் சண்டை மூண்டதும் இங்கிலாந்துக்குப் போய், ஓய்வுபெற்ற தூதர் சர் வில்லியம் டெம்பிளிடம் செயலாளராகச் சேர்ந்தார். அங்கே எதிர்பார்த்த அரசு வேலை எதுவும் வரவில்லை. 1694இல் டீக்கனாகவும், 1695 தொடக்கத்தில் முழுக் குருவாகவும் டப்ளினில் அபிஷேகம் பெற்றார். முதல் பணியிடம் வடக்கே கில்ரூட். சுற்றிலும் வேறொரு பிராட்டஸ்டன்ட் பிரிவான பிரெஸ்பிட்டேரியன்கள், ஆங்கிலிக்கன் ஆராதனைக்கு வர ஆளே இல்லை. ஒரு வருஷம் ஓட்டிவிட்டுத் திரும்ப டெம்பிள் வீட்டுக்கே போய்விட்டார்.

1699இல் டெம்பிள் இறந்த பிறகு, 1700இல் மீத் மாவட்டத்தில் லாரகோர் என்ற சின்ன ஊரின் குருவானார். கூடவே புனித பேட்ரிக் பேராலயத்தில் ஒரு கேனன் இடமும் கிடைத்தது. லாரகோரில் ஒரு நாள் ஆராதனைக்கு யாருமே வரவில்லையாம். கோயில்பிள்ளை ரோஜர் மட்டும் நின்றிருக்கிறார். ஜெபப் புத்தகத்தில் 'பிரியமானவர்களே' என்று தொடங்கும் இடத்தில் ஸ்விஃப்ட் 'பிரியமான ரோஜரே' என்று மாற்றிப் படித்தார் என்பார்கள். நடந்ததோ இல்லையோ, சபையின் அளவு என்னவோ சரிதான்.

இங்கிலாந்தில் அவ்வளவு செல்வாக்கு இருந்தும் ஏன் டப்ளினுக்கு அனுப்பினார்கள்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள்.

1707இல் அயர்லாந்துத் திருச்சபை அவரை லண்டனுக்கு ஒரு காரியமாக அனுப்பியது. குருமார் ஒரு பதவியில் சேரும்போது முதல் வருட வருமானத்தை அரசிக்குக் கட்ட வேண்டும். அதன் பிறகும் வருடாவருடம் ஒரு பங்கு போகும். இங்கிலாந்துக் குருமாருக்காக அரசி ஆன் 1704இலேயே அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். அதே சலுகையை அயர்லாந்துக்கும் வாங்கி வருவதுதான் வேலை. விக் கட்சிக்காரர்கள் இழுத்தடித்தார்கள். 1710இல் எதிர்க் கட்சியான டோரிகள் ஆட்சிக்கு வந்ததும், அவர்கள் தலைவர் ராபர்ட் ஹார்லி வழியாகக் காரியம் முடிந்தது. ஹார்லிக்கு ஸ்விஃப்ட்டின் பேனா தேவைப்பட்டது. அரசுக்கு ஆதரவான வாரத்தாளை எழுதினார். பிரான்சோடு நடந்த போரை முடிக்கச் சொல்லி 1711இல் அவர் எழுதிய துண்டுப் பிரசுரம் நாட்டையே பேச வைத்தது. அமைச்சர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டார். யார் யாருக்கோ சிபாரிசு செய்து வேலை வாங்கிக் கொடுத்தார்.

தனக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. காரணம் 1704இல் பெயர் போடாமல் அவர் வெளியிட்ட ஒரு நையாண்டி நூல். கத்தோலிக்கம், ஆங்கிலிக்கன், சீர்திருத்தச் சபை ஆகிய மூன்றையும் மூன்று அண்ணன் தம்பிகளாக்கி, அப்பா விட்டுப்போன மேலங்கியை அவர்கள் எப்படிக் கெடுத்தார்கள் என்று எழுதிய கதை. படித்தவர்கள் சிரித்தார்கள், அரசி சிரிக்கவில்லை. யார்க் ஆர்ச்பிஷப் ஜான் ஷார்ப்பும், ஸ்விஃப்ட் ஒரு பாட்டில் வம்புக்கிழுத்த சாமர்செட் சீமாட்டியும் அரசியின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள்.

1713 ஏப்ரலில் இங்கிலாந்தில் காலியாக இருந்த மூன்று டீன் பதவிகளுக்கு ஆணை வந்தது. ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. ஊருக்குக் கிளம்புகிறேன் என்று ஹார்லியிடம் சொல்லிவிட்டார். பிறகுதான் அவசர அவசரமாக ஒரு வழி பிடித்தார்கள். புனித பேட்ரிக் டீனாக இருந்த ஜான் ஸ்டெர்னை டிரோமோருக்கு பிஷப்பாக்குவது, காலியான இடத்தில் ஸ்விஃப்ட்டைப் போடுவது. அயர்லாந்து டீன் பதவி அரசியின் நேரடிக் கையெழுத்துக்குப் போகாமல், அங்குள்ள அரசப் பிரதிநிதி ஆர்மண்ட் பிரபு கொடுக்கக்கூடியது. 1713 ஜூன் 13 அன்று பதவியேற்றார்.

அவருக்கு அது பரிசல்ல, நாடுகடத்தல்.

பதவியால் பணமாவது வந்ததா?

முதலில் கடன்தான் வந்தது. ஸ்டெர்ன் புதிதாகக் கட்டியிருந்த டீன் இல்லத்துக்கு 800 பவுண்டு, முதல் வருட வருமானக் கட்டணம் 150, பத்திரச் செலவு எல்லாம் சேர்த்து 1,000 பவுண்டு ஆகும் என்று நெருங்கிய தோழி ஸ்டெல்லாவுக்கு எழுதிய கடிதத்தில் புலம்பியிருக்கிறார். அவர் போராடி வாங்கிக் கொடுத்த சலுகையோடு சேர்த்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

அடுத்த வருடம் ஆகஸ்ட் 1 அன்று அரசி ஆன் இறந்தார். டோரிகள் கவிழ்ந்தார்கள், லண்டன் கதவு சாத்தப்பட்டது. அதன் பிறகு 1726, 1727இல் இரண்டு பயணம் தவிர அவர் டப்ளினை விட்டுக் கடல் தாண்டவே இல்லை.

வேண்டா வெறுப்பாக வந்தவர் வேலையை ஒழுங்காகப் பார்த்தாரா?

பார்த்தார், அதுவும் அளவுக்கு மீறிய கண்டிப்போடு. இந்தப் பகுதியை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாழ்க்கைக் குறிப்புகளில் இது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

முதலில் திருவிருந்து. அந்தக் காலத்தில் பல ஆலயங்களில் வருடத்துக்கு நாலைந்து தடவைதான் கொடுப்பார்கள். ஸ்விஃப்ட்டின் பேராலயத்தில் ஒவ்வொரு ஞாயிறும் உண்டு.

அப்புறம் பாடகர் குழு. தனக்கு இசை ஞானம் கிடையாது என்று அவரே ஒப்புக்கொண்டவர். ஆனாலும் குரல் சரியில்லாதவரை, எந்தப் பிரபு சிபாரிசு செய்தாலும் சேர்க்க மாட்டார். அந்தப் பாடகர்களில் பலர் கிறைஸ்ட் சர்ச்சிலும் சம்பளம் வாங்கினார்கள். இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு இடத்திலும் மட்டம் போடுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அவர்களோடு அவருக்கு ஓயாத மல்லுக்கட்டு.

நிலக் குத்தகை இன்னும் சுவாரசியம். பேராலய நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது, அன்றைய வழக்கம் இது: குத்தகைதாரரிடம் ஒரு பெரிய தொகையை முன்பணமாக வாங்கி டீனோ பிஷப்போ பையில் போட்டுக்கொள்வார். பதிலுக்கு வருட வாடகையை அடிமட்டத்துக்குக் குறைத்து எழுதுவார். அடுத்து வருகிறவர் அந்தக் குறைந்த வாடகையில் கிடந்து தவிப்பார். ஸ்விஃப்ட் முன்பணத்தைக் குறைத்து வாடகையைக் கூட்டி எழுதினார். அதன் பலன் தனக்கு அல்ல, தனக்குப் பின்னால் வருகிற டீன்களுக்கு என்று தெரிந்தேதான் செய்தார். என்னைக் கேட்டால் அவருடைய குணத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கணக்கு எழுதுவதில் வெறி. அவர் கைப்பட எழுதிய கணக்கு நோட்டுகளில் சில இன்றும் இருக்கின்றன. அவருடைய கணக்கு வருடம் நவம்பர் 1 அன்று தொடங்கும். சீட்டாட்டத்தில் ஜெயித்த சில்லறை, தோற்ற சில்லறைகூடப் பதிவாகியிருக்கும்.

பிரசங்கம் எப்படிச் செய்வார்?

எளிமையாக. பெரிய வார்த்தை போட்டால் சபைக்குப் புரியாது, அது வீண் பகட்டு என்பது அவர் கட்சி. மற்றவர்கள் பிரசங்கம் செய்யும்போது பென்சிலும் தாளுமாக உட்காருவார். தப்பான உச்சரிப்பு, விளங்காத சொல், இழுவையான வாக்கியம் எல்லாவற்றையும் குறித்துவைத்து, ஆராதனை முடிந்ததும் அந்தக் குருவைப் பிடித்துக்கொள்வார். அவருடைய நண்பர் பேட்ரிக் டிலேனி எழுதிவைத்த தகவல் இது. அந்தப் பிரசங்க மேடையில் ஏறிய இளம் குருக்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

கோயிலில் தூங்குவதைப் பற்றி அவர் செய்த ஒரு பிரசங்கம் அச்சில் உண்டு. எடுத்துக்கொண்டது அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் ஐத்திகு. பவுல் நெடுநேரம் பேசப் பேச, ஜன்னலில் உட்கார்ந்திருந்தபடியே தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த வாலிபன். அன்றிலிருந்து பிரசங்கிகளுக்கு மனிதர்களைத் தூங்கவைக்கும் வரம் மட்டும் குறையவில்லை, விழுந்தவனை எழுப்பும் வரம்தான் போய்விட்டது என்ற ரீதியில் போகும். கேட்டவர்கள் அன்றைக்காவது விழித்திருப்பார்கள்.

அவர் கஞ்சன் என்கிறார்களே?

தன் வீட்டில் கஞ்சன்தான். விருந்தாளிக்கு அளந்துதான் மது ஊற்றுவார். மழை நாளில் குதிரை சவாரி தடைப்பட்டால் உடற்பயிற்சிக்காக வீட்டு மாடிப்படிகளில் ஏறி இறங்கி ஓடுவார்.

மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது என்று பார்த்தால்தான் கதை மாறும். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முதன்முதலாகச் சேர்ந்த 500 பவுண்டை ஏழைத் தொழிலாளிகளுக்குக் கடன் கொடுக்க ஒதுக்கினார். ஒருவருக்கு ஐந்து பவுண்டு, பத்து பவுண்டு. வட்டி இல்லை. வாராவாரம் சில ஷில்லிங்காகத் திருப்பிக் கட்ட வேண்டும், ஜாமீன் ஆள் வேண்டும், தவணை தவறக் கூடாது. நெசவாளிகள், சின்னக் கடைக்காரர்கள் பலர் இதில் தலைநிமிர்ந்தார்கள். சட்டைப் பைகளில் பல மதிப்புள்ள காசுகளைத் தனித்தனியாகப் போட்டுக்கொண்டு நடப்பார். ஆளைப் பார்த்து, அவர் நிலையைப் பார்த்துக் கொடுப்பார்.

அதே மனிதர்தான் 1737இல், ஒவ்வொரு சபைப் பிச்சைக்காரரும் தன் சபையின் வில்லையை மாட்டிக்கொள்ள வேண்டும், வெளியூர்ப் பிச்சைக்காரர்களை விரட்ட வேண்டும் என்று கடுமையாக எழுதினார். இரக்கமும் எரிச்சலும் அவரிடம் ஒரே பாத்திரத்தில் கொதித்தன.

அரைப்பென்னி விவகாரம் என்றால் என்ன?

டீனை ஊரின் நாயகனாக்கியது அதுதான். கொஞ்சம் பின்னணி சொன்னால்தான் விளங்கும்.

பேராலயத்தைச் சுற்றி நெசவாளிகள் குடியிருந்தார்கள். அயர்லாந்தின் கம்பளித் துணியை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 1699இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் சட்டம் போட்டிருந்தது. தறிகள் ஓய்ந்தன. டீன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது அந்தப் பட்டினிதான். 1720இல் உள்நாட்டுத் துணியையே உடுத்துங்கள் என்று பெயர் போடாமல் ஒரு பிரசுரம் வெளியிட்டார். இங்கிலாந்திலிருந்து வருவதில் மனிதர்களையும் நிலக்கரியையும் தவிர எல்லாவற்றையும் கொளுத்துங்கள் என்று யாரோ சொன்னதாக அதில் ஒரு வரி வரும். சுதேசி இயக்கம் பார்த்த நமக்கு அந்தக் குரல் அந்நியமாகத் தெரியாது. அச்சிட்டவர் மேல் வழக்கு. ஜூரிகள் குற்றமற்றவர் என்றார்கள். தலைமை நீதிபதி விட்ஷெட் அதை ஏற்காமல் ஒன்பது தடவை திருப்பி அனுப்பினார்.

1722இல் வில்லியம் வுட் என்ற இரும்பு வியாபாரிக்கு அயர்லாந்துக்காக அரைப்பென்னி முதலான செப்புக் காசு அடிக்க உரிமம் கிடைத்தது. மன்னர் முதலாம் ஜார்ஜின் ஆசைநாயகி கெண்டல் சீமாட்டியிடம் அவர் 10,000 பவுண்டு கொடுத்து வாங்கிய உரிமம் அது. மொத்தம் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள காசு. அயர்லாந்துப் பாராளுமன்றத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1724இல் 'எம்.பி.' (M.B.) என்று கையெழுத்திட்ட ஒரு துணிக்கடைக்காரர் பெயரில் கடிதங்கள் வெளிவரத் தொடங்கின. கடைக்காரன் பேசுகிற மாதிரியே பேச்சு. இந்தக் காசு புழங்கினால் ஒரு பெரிய நிலக்கிழார் அரை வருட வாடகையைக் கொண்டுவர இருநூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் வேண்டும், வாங்காதீர்கள், சட்டப்படி வாங்கத் தேவையில்லை என்று எளிய கணக்குப் போட்டுக் காட்டினார். நான்காவது கடிதம் காசை விட்டுவிட்டு, அயர்லாந்து மக்கள் இங்கிலாந்துக்கு அடிமைகளா என்ற கேள்விக்குப் போனது. எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுண்டு என்று அரசு அறிவித்தது. அச்சிட்ட ஜான் ஹார்டிங் சிறைக்குப் போனார். எழுதியது டீன் என்று டப்ளினில் தெரியாதவர் இல்லை. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சவுலின் கையிலிருந்து ஜனங்கள் யோனத்தானைக் காப்பாற்றும் வசனம், அதாவது 1 சாமுவேல் 14:45, கைக்குக் கை மாறியது. ஜொனாதன் என்ற பெயருக்கு அதைவிடப் பொருத்தமான வசனம் ஏது?

கடிதங்களைப் படியெடுத்த வேலைக்காரர் ராபர்ட் பிளேக்லி ஒரு நாள் இரவு வீடு திரும்பவில்லையாம். 300 பவுண்டை நினைத்து எல்லோருக்கும் நடுக்கம். ஸ்விஃப்ட், நீ காட்டிக்கொடுப்பாய் என்று நான் பயப்படுவதாக எண்ணாதே என்று சொல்லி ஆளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். கெடு முடிந்ததும் திரும்ப அழைத்துப் பேராலயத்தின் கோயில்பிள்ளையாக நியமித்தார் என்று கதை போகிறது.

1725இல் உரிமம் ரத்தானது. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அப்போது நாணயச் சாலைத் தலைவராக இருந்தவர் ஐசக் நியூட்டன். அவர் மேற்பார்வையில் நடந்த சோதனையில் வுட்டின் காசு தரமானது என்றே முடிவு வந்தது. ஸ்விஃப்ட் சொன்ன அளவுக்கு மட்டமில்லை. அவருடைய உண்மையான சண்டை செம்பின் தரத்தைப் பற்றியது அல்ல, கேட்காமல் திணித்ததைப் பற்றியது.

கலிவர் கதையை எப்போது எழுதினார்?

டீனாக இருந்தபோதுதான். 1720களின் முதல் பாதியில் எழுதி, 1726இல் லண்டனுக்குக் கொண்டுபோனார். அக்டோபர் 28 அன்று பெயர் இல்லாமல் வெளிவந்தது. பஞ்சத்தைத் தீர்க்க ஏழைக் குழந்தைகளைப் பணக்காரர்களின் மேசைக்கு விற்றுவிடலாம் என்று கணக்குப்பிள்ளை குரலில் எழுதிய பயங்கரமான கட்டுரை 1729இல். வரிசையாக விளைச்சல் பொய்த்து, தெருக்களில் பட்டினி கிடந்த நேரம் அது. குத்தகைக் கணக்கும் கடன் கணக்கும் தினமும் எழுதிய கைக்கு அந்தக் குரல் சிரமமில்லாமல் வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டெல்லா அவர் மனைவியா?

1716இல் ரகசியமாகத் திருமணம் நடந்தது என்று ஒரு பேச்சு அன்றே உண்டு, நிரூபணம் இல்லை. இயற்பெயர் எஸ்தர் ஜான்சன். டெம்பிள் வீட்டில் சிறுமியாக இருந்தபோது ஸ்விஃப்ட் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1701இல் ரெபேக்கா டிங்லி என்ற தோழியோடு டப்ளினுக்கே குடிவந்துவிட்டார். இருவரும் தனியாகச் சந்தித்ததே இல்லை, எப்போதும் மூன்றாவது ஆள் உண்டு என்கிறார்கள். வனெஸ்ஸா என்று அவர் அழைத்த எஸ்தர் வானம்ரி இன்னொரு கதை. அவர் மனமுடைந்து 1723இல் இறந்தார். அதில் ஸ்விஃப்ட்டின் பங்கை என்னால் நியாயப்படுத்த முடியாது.

ஸ்டெல்லா 1728 ஜனவரி 28 அன்று இறந்தார். அடக்கம் இரவில், ஸ்விஃப்ட்டின் பேராலயத்திலேயே. உடம்பு முடியாமல் ஸ்விஃப்ட் போகவில்லை. அந்த இரவு ஒன்பது மணிக்கு ஸ்டெல்லாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே ஆலயத்தில் எரியும் வெளிச்சம் கண்ணில் படாமலிருக்க வேறு அறைக்கு மாறியிருப்பதாக அதிலேயே குறித்திருக்கிறார்.

கத்தோலிக்கர்களுக்காகவும் போராடினாரா?

இங்கேதான் நம் உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்க வேண்டும். அயர்லாந்தில் பெரும்பான்மை கத்தோலிக்கர்கள். அவர்களும் தங்களுடையதல்லாத ஆங்கிலிக்கன் சபைக்குத் தசமபாகம் கட்டினார்கள். டீனின் வருமானமும் அந்த ஏற்பாட்டில் வந்ததுதான். அதை மாற்ற அவர் விரல்கூட அசைக்கவில்லை. ஆங்கிலிக்கன் அல்லாதவர்கள் அரசுப் பதவிக்கு வருவதைத் தடுத்த சட்டத்தைக் கடைசிவரை ஆதரித்தார். பிரெஸ்பிட்டேரியன்கள் மேல் தனிக் கோபம் வேறு. பசித்தவனுக்குக் கொடுத்தார், உரிமை கேட்டவனுக்கு மறுத்தார்.

இசையமைப்பாளர் ஹேண்டலின் மெசையா என்ற கிறிஸ்தவ இசைப் படைப்பை அவர் தடுக்கப் பார்த்தார் என்பது உண்மையா?

உண்மை. 1742 ஜனவரியில், ஃபிஷாம்பிள் தெருவில் பிடில்காரர்கள் கூடும் சங்கத்தில் தன் பேராலயப் பாடகர்கள் பாடக் கூடாது என்று காட்டமாக ஒரு ஆணை போட்டார். மனநிலை தளர்ந்திருந்த சமயம் அது. பிறகு எப்படியோ அனுமதி கிடைத்து, ஏப்ரல் 13 அன்று முதல் நிகழ்ச்சியில் இரண்டு பேராலயங்களின் பாடகர்களும் பாடினார்கள். வசூலில் ஒரு பங்கைக் கொண்டு கடனுக்காகச் சிறையிலிருந்த 142 பேரை விடுவித்தார்கள். வட்டியில்லாக் கடன் கொடுத்த டீனுக்கு அது பிடித்திருக்க வேண்டும்.

கடைசியில் பைத்தியமாகிவிட்டாரா?

அப்படிச் சொல்வது பழைய வழக்கம். இளவயதிலிருந்தே தலைசுற்றலும் காது அடைப்பும் உண்டு. சின்ன வயதில் ஆப்பிளை அளவில்லாமல் தின்றதால் வந்தது என்று அவராகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். அது உள்காதைப் பாதிக்கும் மெனியேர் நோய் என்பது பிற்கால மருத்துவர்களின் கருத்து. முதுமையில் நினைவு மங்கியது, பேச்சு குன்றியது. 1742 ஆகஸ்டில் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள இயலாதவர் என்று அதிகாரபூர்வமாக அறிவித்துப் பாதுகாவலர்களை நியமித்தார்கள். 1745 அக்டோபர் 19 அன்று, 77 வயதில் இறந்தார். பார்க்க வந்தவர்கள் ஞாபகார்த்தமாகத் தலைமுடியை வெட்டிக்கொண்டு போனார்களாம்.

சொத்தை யாருக்கு எழுதினார்?

மனநோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை கட்ட. அயர்லாந்தில் அதற்கு முன் அப்படி ஒன்று இல்லை. லண்டன் பெத்லம் மனநல மருத்துவமனையின் நிர்வாகிகளில் ஒருவராக 1714 முதல் இருந்தவர், அதனால் உள்ளே என்ன நடக்கும் என்று தெரியும். தன் சாவைப் பற்றித் தானே எழுதிய பாட்டில், இருந்த கொஞ்சப் பணத்தைப் பைத்தியங்களுக்கு வீடு கட்டக் கொடுத்தான், இந்த நாட்டைவிட அது தேவைப்படும் நாடு வேறில்லை என்று குத்திவிட்டுத்தான் கொடுத்தார். சுமார் 12,000 பவுண்டு. 1746இல் அரச சாசனம், 1757இல் திறப்பு. புனித பேட்ரிக் மருத்துவமனை இன்றும் டப்ளினில் மனநல சிகிச்சை தருகிறது.

டப்ளின் போனால் பேராலயத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்விஃப்ட், ஸ்டெல்லா இருவரின் கல்லறைகளும் தரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. பக்கத்துச் சுவரில் கறுப்புப் பளிங்கில், எழுத்தை ஆழமாக வெட்டித் தங்கம் பூச வேண்டும் என்று உயிலிலேயே அவர் எழுதிவைத்த லத்தீன் வாசகம். கொடிய சினம் இனி இதயத்தைக் கிழிக்க முடியாத இடத்தில் இருக்கிறார் என்பது அதன் சாரம்.

எல்லோரும் அங்கேயே நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர் டீனாக வைத்த இரண்டு கல்வெட்டுகளையும் தேடிப் பாருங்கள். ஒன்று ஷோம்பர்க் பிரபுவுக்கு. 1690 பாயின் போரில் இறந்து இங்கே புதைக்கப்பட்டவர். நினைவுக் கல் வைக்கச் சொல்லி வாரிசுகளுக்கு எழுதி எழுதிப் பார்த்தும் பதிலில்லை. 1731இல் டீனே தன் குழுவோடு சேர்ந்து கல்லை வைத்தார். சொந்தபந்தம் செய்யாததை அந்நியர்கள் செய்தோம் என்று வாரிசுகளின் மானத்தையும் அதில் வாங்கினார். அரண்மனைவரை புகைந்தது.

இன்னொன்று, 1722இல் 29 வயதில் இறந்த வேலைக்காரர் அலெக்சாண்டர் மெகீக்கு. 'நன்றியுள்ள நண்பனும் எஜமானனும்' என்று பொறிக்க நினைத்தார் ஸ்விஃப்ட். வேலைக்காரனை நண்பன் என்று போடுவதா என்று உடனிருந்தவர் தடுக்க, கடைசியில் 'எஜமானன்' மட்டும் மிஞ்சியது.